சேலத்தில் விற்கும் ‘லக்சுரி ஸ்கீ’ பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

சேலத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் ‘மிடில் கிளாஸ் விலையில் லக்சுரி ஸ்கீ ஹாலிடே’ (ஸ்கீ என்றால் பனிச்சறுக்கு) என்று நோட்டீஸ் அடித்து, வரப்போகும் குளிர்காலத்துக்கு இப்போதே முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். போன பிப்ரவரியில் அவரிடம் பணம் கட்டி காஷ்மீரில் இருக்கிற குல்மார்க் போய்வந்தோம். நான், மனைவி, தங்கை, மாப்பிள்ளை, காலேஜில் படிக்கும் அவர்கள் பையன். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை.

ஆளுக்கு 38,500 ரூபாய். பெங்களூருவிலிருந்து ஸ்ரீநகர் போகவர விமானம், குல்மார்க்கில் ஹீட்டர் வைத்த நட்சத்திர ஓட்டல், மூன்று நாள் ஸ்கீ பயிற்சி, கருவிகள், கொண்டோலா என்கிற ரோப் கார் இரண்டு கட்டமும். கடைசியாகத் தடித்த எழுத்தில் ‘பனி கேரண்டி’. விமானம் மட்டும் சொன்னபடி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பனிக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. 2025-இல் அங்கே நடக்க வேண்டிய, மத்திய அரசின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதவில்லை என்று பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அரசாங்கத்தாலேயே முடியாததை சேலம் ஐந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால் மற்ற வரிகளின் லட்சணமும் அதுதான். நாங்கள் போனபோது பனி கொட்டியது. அதில் அவருக்குப் பங்கில்லை.

ஓட்டல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் போட்டுக் கொடுத்த அறை குல்மார்க்கில் இல்லை, தங்மார்க்கில். 13 கிலோமீட்டர் கீழே இருக்கிற ஊர். ஏற்காட்டில் ரூம் என்று சொல்லிவிட்டு அடிவாரத்திலேயே படுக்கப் போட்ட கதைதான். வெயில் நாளில் அந்த 13 கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. பனி விழுந்த மறுநாள் காலையில்தான் அதன் விலை தெரியும். சக்கரத்தில் சங்கிலி இல்லாத வண்டியைத் தங்மார்க்குக்கு மேலே விடுவதில்லை. எங்களைக் கூட்டிவந்த டிரைவர் அங்கேயே கைவிரித்துவிட்டார். சங்கிலி மாட்டிய உள்ளூர் வண்டிக்குத் தனியாகப் பணம். தினமும் போக ஒன்று, வர ஒன்று. குல்மார்க்கிலேயே தங்கியிருந்தால் இந்தச் செலவே இல்லை.

அறையில் ஹீட்டர் என்று ஒன்று சுவரில் இருந்தது. ராத்திரி கரண்ட் போனதும் அதுவும் போயிற்று, கட்டிலில் விரித்திருந்த மின்சாரப் போர்வையும் போயிற்று. புகாரி என்கிற விறகு அடுப்பு வேண்டுமென்றால் ஒரு ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய் கொடுங்கள் என்றார்கள். மைனஸில் வேறு என்ன செய்வது, கொடுத்தோம்.

டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு வண்டிக்காசைப் பற்றிக் கேட்கலாமென்றால் போன் வேலை செய்யவில்லை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். காஷ்மீருக்கு ஆள் அனுப்புகிற எந்த ஏஜெண்டுக்கும் இது தெரியாமல் இருக்காது. எங்களிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் ஆபீஸ் போன் போஸ்ட்பெய்டாக இருந்ததால் பிழைத்தோம். டிராவல்ஸ்காரர் சொன்ன பதில்: “அது லோக்கல் யூனியன் பிரச்சினைங்க சார், நம்ம கைல இல்ல. நீங்க குடுத்துட்டு பில்லு மட்டும் வாங்கிட்டு வாங்க, இங்க பாத்துக்கலாம்.” பனிக்குள் நின்று வண்டிக்காரரிடம் பில் கேட்டுப் பாருங்கள், எப்படிப் பார்ப்பார் என்று.

அடுத்தது கொண்டோலா. ஜம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் கார்ப்பரேஷன் நடத்துகிற ரோப் கார் அது. முதல் கட்டம் கொங்தூரி வரை, இரண்டாம் கட்டம் அபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம் வரை. டிக்கெட்டை அவர்களுடைய இணையதளத்தில் பயணிகளின் பெயர் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். “அங்க நம்ம ஆள் கைல டிக்கெட் குடுத்துருவார்” என்றார் இவர். அந்த ஆள் வந்தார், டிக்கெட்டும் கொடுத்தார், ஐந்திலும் வேறு யார் யாருடைய பெயரோ இருந்தது. நுழைவாயிலில் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்திலேயே ஒருவர் மூன்று மடங்கு விலைக்குத் தருவதாக வந்தார். நாங்கள் வாங்கவில்லை.

அதைவிட, முதல் தடவை ஸ்கீ கட்டுகிறவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் ஸ்கீ என்று நோட்டீஸில் போட்டிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அபர்வாட் சரிவு கைதேர்ந்தவர்களுக்கு. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கான இடம் கீழே கிண்ணம் மாதிரி இருக்கிற குல்மார்க் புல்வெளியின் மென்மையான சரிவுகள்தான், அதற்குக் கொண்டோலாவே தேவையில்லை. இது தெரியாமல் நோட்டீஸ் அடித்தாரா, தெரிந்தே அடித்தாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்று நாள் பயிற்சி என்பது ஒரு காலை நேரத்தோடு முடிந்தது. ஒரு பையன் பழைய ஸ்கீ கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சுற்றுலாத் துறையில் பதிவு செய்த அட்டை இருக்கிறதா என்றதற்கு ரூமில் இருக்கிறது என்றான். பூட்ஸ் அளவு யாருக்கும் சேரவில்லை. ஸ்கீயில் பூட்ஸைக் கட்டையோடு பிடித்துவைக்கும் பைண்டிங் என்று ஒன்று உண்டு. கீழே விழும்போது அது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், இல்லையென்றால் நீளமான கட்டை காலோடு சேர்ந்து திரும்பி முழங்காலை முறுக்கிவிடும். அதனால்தான் ஆளின் எடை, உயரம், அனுபவம், பூட்ஸின் நீளம் எல்லாம் பார்த்து அதை முடுக்கிவைப்பார்கள். இந்தப் பையன் எங்கள் ஐந்து பேரிடமும் எடை என்ன என்று கேட்கவே இல்லை. தங்கை மகன் விழுந்தபோது ஒரு பக்கம் கழலவில்லை. ஜவ்வு இழுத்துக்கொண்டது என்றார் சேலத்தில் பார்த்த எலும்பு டாக்டர். பல வாரம் முழங்காலில் பெல்ட்டோடு காலேஜ் போனான். வண்டிக்காசு, விறகுக்காசைக்கூட விட்டுவிடலாம், இதை விடுவதாக இல்லை.

குறைந்த செலவில் பனிச்சறுக்கு முடியாத காரியமென்று நினைத்துவிட வேண்டாம். குல்மார்க்கிலேயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரில் உள்ள மலையேற்ற நிறுவனம் குளிர்காலத்தில் ஸ்கீ வகுப்பு நடத்துகிறது. உத்தராகண்டில் அவுலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள், பதினான்கு நாள் வகுப்புகள் வைக்கிறது. விண்ணப்பத்தை நேராக அவர்களுக்கே அனுப்பலாம், நடுவில் யாரும் வேண்டாம். அங்கே சொகுசு இருக்காது, காலையில் விசில் அடித்து எழுப்புவார்கள். ஆனால் பயிற்சியாளர் உண்மையான பயிற்சியாளர். வகுப்பு முடிந்ததும் மிச்சப் பணத்தில் நல்ல ஓட்டலில் ஒரு ராத்திரி தங்குங்கள், என் கணக்கில் லக்சுரி அதுதான். போக்குவரத்துக்கும் வழி இருக்கிறது: 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. நேரம் இருக்கிறவர்கள் ரயிலிலேயே போய்விடலாம்.

ஏஜெண்ட் மூலம்தான் போவேன் என்பவர்கள், முழுப்பணம் கொடுப்பதற்கு முன் ஓட்டலுக்கு நீங்களே போன் போட்டு உங்கள் பெயரில் அறை இருக்கிறதா, அந்த ஓட்டல் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். கொண்டோலா டிக்கெட் உங்கள் பெயரில் கைக்கு வரட்டும். பணத்தைச் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பி ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். எங்கள் பில்லில் அந்த எண் இல்லை, வக்கீல் முதலில் கேட்டது அதைத்தான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அங்கிருந்து கேட்டதற்கு டிராவல்ஸ்காரர் பதிலே தரவில்லை. அதன்பிறகுதான் சேலம் மாவட்ட ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மனு போனது தெரிந்ததும் ஆள் அனுப்பினார். பணத்துக்குப் பதிலாக ஏற்காட்டில் இரண்டு ராத்திரி ரிசார்ட் கூப்பன், கோடை விழா சமயத்தில் செல்லாது. திருப்பி அனுப்பிவிட்டோம். அவரிடமே கட்டிப் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். அடுத்த வாய்தாவுக்குள் கிடைத்தால் எங்கள் மனுவோடு சேர்த்துவிடலாம் என்கிறார் வக்கீல்.