நான்கு ஆண்டுகளாக ஓடும் ராஸ்பெரி பை இசைப்பெட்டி

அப்பா சேர்த்து வைத்திருந்த இருநூறு கேசட்டுகளையும் நான் பின்னர் வாங்கிய சிடிக்களையும் ஒரே இடத்தில் வைத்து, வீட்டின் எந்த அறையிலிருந்தும் கேட்க வேண்டும் என்பதற்காக, 2021-இல் 2 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெரி பை 4 ஒன்றை வாங்கினேன். ஏடிஎம் அட்டை அளவே உள்ள அந்தக் கணினி அன்று முதல் கூடத்து அலமாரியில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருளை நிறுவி முதல் பாட்டைக் கேட்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அதன்பின் என் நேரத்தைத் தின்றவை எல்லாம் அந்தக் கணினிக்கு வெளியே இருந்தவை.

முதலில் மின்சாரம். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். நானோ கையில் கிடந்த பழைய கைப்பேசி சார்ஜரைச் செருகியதோடு, 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் அதன் யுஎஸ்பி துளையில் மாட்டிவிட்டேன். நான்கு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும் என்பதைக் கவனிக்கவில்லை. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மின்னழுத்தம் சரியும், டிஸ்க் தொடர்பு அறுந்துவிடும், பாட்டு பாதியில் நிற்கும். குறையை வாரக்கணக்கில் மென்பொருளிலேயே தேடிக்கொண்டிருந்த நான், மின்னழுத்தம் குறைந்ததா என்று காட்டும் கட்டளையைத் தட்டிப் பார்த்த பிறகே சார்ஜரைச் சந்தேகித்தேன். சரியான அடாப்டரும், தனி மின்இணைப்புள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றும் வாங்கியதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

அடுத்தது மின்வெட்டு. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் பை அணைந்து மீண்டும் எழுந்தது. இன்வெர்ட்டரின் பின்புறம் இருந்த சிறு சுவிட்ச் சாதாரண நிலையில் இருந்ததால், பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேர இடைவெளியை மின்விசிறி பொறுத்துக்கொண்டது, கணினி பொறுத்துக்கொள்ளவில்லை. யுபிஎஸ் நிலைக்கு அதைத் தள்ளிவிட்டால் போதும் என்று எனக்குத் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது; எட்டாவது மாதத்தில், இயங்குதளம் இருந்த மைக்ரோ எஸ்டி அட்டை கெட்டு, கணினி எழவே மறுத்தது. பாடல்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் தப்பின. இரண்டாம் முறை அட்டையை நம்பாமல், சுழலும் தட்டு இல்லாத 120 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றில் இயங்குதளத்தை ஏற்றி யுஎஸ்பி வழியாகவே தொடங்கும்படி செய்தேன். அதன்பின் இன்றுவரை மறுநிறுவல் தேவைப்படவில்லை. அனைத்தும் சேர்ந்து சராசரியாக 5 வாட் அளவே இழுப்பதால், மாதத்துக்கு நான்கு யூனிட்கூட ஆவதில்லை.

ஒலியைப் பொறுத்தவரை, பலகையில் உள்ள 3.5 மிமீ துளையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தம்புராவின் மெல்லிய ஒலிக்கு அடியில் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. எண்முறை ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் சிறிய யுஎஸ்பி டிஏசி ஒன்றை இடையில் வைத்துப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றுடன் இணைத்ததும் அது மறைந்தது. கூடத்து ஒலிபெருக்கிக்கு எம்பிடி, கைப்பேசிகளுக்கு நேவிட்ரோம் என இரண்டு மென்பொருள்களும் ஒரே கோப்புத் தொகுப்பைப் படிக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஓடும்போதும் 2 ஜிபி நினைவகத்தில் பாதி காலியாகவே இருக்கிறது.

உண்மையான உழைப்பு கேசட்டுகளில்தான். ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். இதில் குறுக்குவழி கிடையாது. சிடி தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 635 எம்பி ஆகும் என்றாலும், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் அது பாதியளவாகச் சுருங்கிவிடுகிறது. தொடக்கத்தில் எம்பி3-யில் சேமித்து வந்த நான், ராகம், தானம், பல்லவியை மூன்று கோப்புகளாகப் பிரித்த ஒரு கச்சேரியில் தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் சிறு மௌனம் விழுவதைக் கேட்டேன். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் சேரும் வெற்றொலியே அதற்குக் காரணம். ஃபிளாக்கில் அது சேர்வதில்லை. அறுபது கேசட்டுகளை மறுபடியும் ஓடவிட்டேன்.

பிறகு, ஒவ்வொரு பாடல் கோப்பிலும் எழுத வேண்டிய தகவல் குறிப்புகள். பாடகர், ஆல்பம், ஆண்டு என்ற கட்டங்கள் திரைப்பாடலுக்குப் பொருந்தலாம். கர்நாடக இசையைத் தேடுபவருக்கு முதலில் வேண்டிய ராகத்துக்கு அங்கே இடமே இல்லை. இசைவகையைக் குறிக்கும் கட்டத்தில் ராகத்தின் பெயரை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இப்போது அந்தப் பட்டியலைத் திறந்து காம்போதியைத் தொட்டால், வாய்ப்பாட்டு, வீணை, நாகஸ்வரம் என வெவ்வேறு கேசட்டுகளில் கிடந்த காம்போதிகள் அனைத்தும் வரிசையாக வருகின்றன. சிடிக்களுடன் வந்த குறிப்புகளில் தோடி ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக இருந்ததால் மூன்று ராகங்களாகப் பிரிந்து நின்றது. ஆகவே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை.

எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறேன். கேசட்டுகளை இன்னொரு முறை ஓட்ட எனக்குப் பொறுமை இருந்தாலும் அந்த நாடாக்களுக்கு இல்லை.

அப்பாவுக்குக் கைப்பேசிச் செயலி ஒத்துவரவில்லை. எழுத்து சிறிது, விரல் பட்ட இடமெல்லாம் பாட்டு மாறுகிறது என்பது அவர் புகார். ஆகவே கணக்காளர்கள் பயன்படுத்தும் யுஎஸ்பி எண் பலகை ஒன்றை வாங்கி, 1-ஐ அழுத்தினால் நாகஸ்வரம், 2-க்கு வீணை, 3-க்கு வாய்ப்பாட்டு, 0-க்கு நிறுத்தம் என எம்பிடிக்குக் கட்டளை போகும்படி அமைத்தேன். காலை ஐந்தரைக்கு 1 ஒலிக்கும். ஒலி அளவைக் குறைக்கும் கழித்தல் பொத்தானை மட்டும் அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடிக்க விரும்பவில்லை.