கொரெல்லி சொனாட்டா பழக யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது: பதிவா, பியானோவா, செல்லோவா, ஹார்ப்சிகார்டா?

இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் ஐந்தாம் ஓபஸில் (ஐந்தாவதாக வெளியிட்ட தொகுப்பில்), 1700-இல் ரோமில் அச்சான 12 வயலின் சொனாட்டாக்கள் உள்ளன. பக்கத்தைத் திறந்தால் இரண்டே வரிகள்: மேலே வயலின், கீழே எண்கள் இட்ட பாஸ், அதாவது தாழ்ந்த குரல். அந்த எண்களைப் பார்த்து, இடையில் வரவேண்டிய கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) வாசிப்பவரே அப்போதைக்கப்போது நிரப்ப வேண்டும். அதுதான் கண்டினுவோ. புதிதாகப் பழகும் வயலின்காரர் அந்தக் கீழ்வரியை யாரிடம் கொடுப்பது?

கைக்கு எளிதில் கிடைப்பது பின்னணிப் பதிவு. நள்ளிரவிலும் துணைக்கு வரும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் சொனாட்டாவின் மெதுவான பகுதியில், அதாவது மெது இயக்கத்தில், ஒரு சொற்றொடர் முடிந்து வில்லைத் தூக்கி மூச்சு விடும் இடத்தில் பதிவு உங்களுக்காகக் காத்திருக்காது. நாளடைவில் கை அதைத் துரத்தவே பழகிவிடும். ஜீக் போன்ற வேக இயக்கங்களில் தாளம் தளராமல் ஓடிப் பழகுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். வாங்கும் முன் சுருதியைப் பார்க்க வேண்டும். ஏ ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸில் வைத்துப் பதிவானது, இன்றைய வழக்கமான 440-ஐ விட ஏறத்தாழ அரை ஸ்வரம் கீழே இருக்கும். வயலினை இறக்கிக்கொள்ளலாம், ரெக்கார்டர் என்ற குழலை வாசிப்பவருக்கு வேறு கருவியே வேண்டும்.

பியானோ வாசிக்கும் நண்பர் கிடைப்பது எளிது. அவர் கையில் இருக்கும் அச்சுப் பதிப்புதான் சிக்கல். பழைய பதிப்புகள் பலவற்றில் வலது கைக்குத் தட்டுக்குத் தட்டு நான்கு ஸ்வரக் கார்டு எழுதியிருப்பார்கள். உச்சி ஸ்வரம் வயலின் மெட்டையே இரட்டிக்கும். பெடலைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். வலது கைக்கு இரண்டு மூன்று ஸ்வரம் போதும். பாஸ் ஒரே ஸ்வரத்தில் நின்றால் கார்டைத் திரும்ப அடிக்க வேண்டியதில்லை.

எங்கள் தேர்வு செல்லோ மட்டும். கார்டே இல்லாமல் எப்படி என்று தயங்க வேண்டாம். கொரெல்லியின் முகப்புப் பக்கமே வயலினுடன் ‘வயலோனே அல்லது சிம்பலோ’ என்கிறது: தாழ்ந்த குரல் வில் கருவி அல்லது ஹார்ப்சிகார்ட். தனிப் பாஸ் கருவி ஒன்றே போதும் என்பதற்கு அது அனுமதி.

எட்டாம் சொனாட்டா ஈ மைனர். அந்தச் சுருதியில் அடிக்கடி வரும் ஒரு முடிப்பை எடுத்துக்கொள்வோம். பாஸ் பி-யில் நிற்கிறது. மேலே 4, அடுத்து ஒரு ஷார்ப் குறி: முதலில் பாஸிலிருந்து நான்காம் ஸ்வரம், பிறகு உயர்த்திய மூன்றாம் ஸ்வரம். வயலின் ஈ-யைப் பிடித்து டி ஷார்ப்புக்கு இறங்கி, பிறகு ஈ-யில் முடிகிறது. பாஸோடு உரசுவது அந்த முதல் ஈ. வில்லின் எடை அதன் மேல் இருக்க வேண்டும், டி ஷார்ப்பில் தளர வேண்டும். பழகுபவர்கள் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் இழுக்கிறார்கள், அல்லது டி ஷார்ப்பின் கமகத்தை உரக்கக் காட்டுகிறார்கள். பியானோவின் முழுக் கார்டு இந்தப் பிழையை மூடிவிடும். செல்லோவோடு வாசித்தால் அப்பட்டமாகக் கேட்கும். சுருதிக்கும் இதே கதைதான். பி-க்கு மேல் தூய்மையாகச் சேரும் டி ஷார்ப், பியானோவின் டி ஷார்ப்பைவிட அரை ஸ்வரத்தில் நூற்றுக்கு 14 பங்கு தாழ்ந்தது. விரலை ஏற்றி வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு செல்லோ உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் நீங்களே பாஸ் வரியை வயலினில் மேல் ஸ்தாயியில் வாசியுங்கள். பிறகு செல்லோவோடு எட்டு எட்டு பாராக (தாளக் கட்டமாக), கால் நோட்டு (க்வார்ட்டர் நோட்) நிமிடத்துக்கு 60 என்ற வேகத்தில்.

கடைசியாக ஹார்ப்சிகார்ட், தந்தியை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகைக் கருவி. எண் படிக்கத் தெரிந்தவர் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை: எண் இல்லாத ஸ்வரத்துக்கு அதிலிருந்து மூன்றாம் ஸ்வரமும் ஐந்தாம் ஸ்வரமும், 6 இருந்தால் மூன்றும் ஆறும் என்று கை தானாகப் போகும். ஒலி சட்டென்று அடங்கிவிடுவதால் மெது இயக்கத்தில் கார்டை விரித்து அடிப்பார். நீண்ட பாஸை மீண்டும் தட்டுவார். அந்த விரிப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் நீங்கள் நுழைய வேண்டும். அவருக்கும் பயிற்சி தேவையென்றால் ஜெர்மன் இசையமைப்பாளர் டெலிமன் 1733–34-இல் வெளியிட்ட 48 பாடல்களைக் கொடுங்கள். கார்டுகளை எழுதி, ஏன் அப்படி என்ற விளக்கத்தையும் சேர்த்திருக்கிறார்.

1710-இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த பதிப்பு, முதல் ஆறு சொனாட்டாக்களின் மெது இயக்கங்களை அலங்காரங்களுடன் அச்சிட்டது. அதை மனப்பாடம் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். செல்லோவோடு வெறும் ஸ்வரங்கள் நின்று பேசத் தொடங்கிய பிறகு அதைத் திறங்கள்.