28 நாள் தங்கிச் சிகிச்சையா, வீட்டிலிருந்தே மாத்திரையா: அண்ணனுக்காக நாங்கள் எடுத்த முடிவு

அண்ணனின் குடியை நிறுத்த இரண்டு வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டோம். முதலில் வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் போய்வந்து மாத்திரை சாப்பிட்டார். குடி நிற்காமல் போனபிறகு, பன்னிரண்டு படிகளைப் பின்பற்றும் ஒரு மறுவாழ்வு மையத்தில் 28 நாள் தங்கினார். குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் கூட்டமாகக் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தின் வழிமுறைதான் இந்தப் பன்னிரண்டு படிகள். யாராவது கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

செலவு, வேலைக்கு விடுப்பு, பிள்ளைகளைப் பிரிந்திருப்பது எல்லாம் தங்கினால் அதிகம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நாலாவது நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் எந்த வழியில் போனாலும் அந்த முதல் வாரம் மருத்துவர் கண்காணிப்பில்தான் கழிய வேண்டும்.

வீட்டிலிருந்தபோது அண்ணனுக்குக் கொடுத்தது டைசல்ஃபிரம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். தினமும் காலையில் அண்ணி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டிவிட்டு, அவர் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும் என்று அண்ணனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கித் துப்பிவிட்டு, காலண்டரில் நாளை எண்ணி, பதினைந்தாம் நாள் குடித்துவிட்டு வந்தார். அண்ணிக்குக் குடித்ததைவிட, அந்தப் பதினான்கு நாளும் தன் எதிரிலேயே அவர் நடித்ததுதான் தாங்கவில்லை. குடிக்கும் ஆசையையே குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன, பலருக்கு உதவியிருக்கின்றன. அண்ணனுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்க்கவில்லை, அதனால் மாத்திரை வழி முழுவதையும் நான் குறை சொல்ல முடியாது.

மையத்தில் நடந்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது அங்கே தங்கிய 28 நாள் அல்ல. வெளியே வந்த 29-ஆவது நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உள்ளே இருக்கும்வரை யாராலும் குடிக்காமல் இருக்க முடியும், பாட்டில் இல்லை, பழைய சகவாசம் இல்லை, சம்பளம் கைக்கு வரும் நாளும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் இவை மூன்றும் வாசலில் நிற்கும். அப்போது கையில் என்ன இருக்கிறது?

அண்ணன் கையில் ஒரு நோட்டு இருந்தது. நாலாவது படிக்காக, தன் வாழ்க்கையில் யார் யாரை எப்படிக் காயப்படுத்தினோம், எதற்குப் பயந்தோம் என்று எழுதிய நோட்டு. அதன் பின்னட்டையில் ஆறு தொலைபேசி எண்கள், ஆறும் வேறு வேறு கையெழுத்தில். எல்லாம் வெளியில் நடக்கும் கூட்டங்களில் பார்த்த மனிதர்கள் எழுதிக் கொடுத்தவை. நாலாவது மாதம் அவருக்கு வேலை போனது. அன்றைக்கு இரவு செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்து, அந்த எண்களில் ஒருவரோடு முக்கால் மணி நேரம் பேசினார். பேசியதைவிட அழுததுதான் அதிகம். அப்புறம் உள்ளே வந்து சாப்பிட்டார்.

ஏ.ஏ. இயக்கம் பிறந்ததே இப்படித்தான். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகப் போன பில் வில்சன், போன காரியம் கைகூடாமல், ஹோட்டலில் தனியாக நின்றபோது மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று வரிசையாகத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். மையத்துக் கட்டடமும் 28 நாள் கணக்கும் அதற்குப் பிறகு வந்தவை.

ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட அலசல் 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு படிக் கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையில் ஒரு வருடம் கழித்து முழுக்கக் குடிக்காமல் இருப்பவர்கள் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம் என்கிறது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிஜமான வித்தியாசம். இது தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான சான்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். போய்வந்து சிகிச்சை எடுப்பவரும் கூட்டங்களுக்குப் போகலாம். எங்கள் அண்ணன் வீட்டிலிருந்து ஒருநாளும் போகமாட்டேன் என்றார், அதனால்தான் தங்க வேண்டியதாயிற்று.

கடவுள் பேச்சு சிலருக்கு ஒத்துவராது. படிகளில் ‘நாம் புரிந்துகொண்ட கடவுள்’ என்று வருகிறது. நம்பிக்கை இல்லாத அண்ணன், அந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டார். அதுவும் முடியாதவரை வற்புறுத்தக் கூடாது.

ஹெராயின் மாதிரியான பழக்கமென்றால் என் அனுபவம் போதாது. அங்கே சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காமல் உயிர் போகிறது, மெதடோன், பியூப்ரெனார்ஃபின் மருந்துகள் உயிரைக் காக்கின்றன. பன்னிரண்டு படிக்குப் பேர்போன அமெரிக்காவின் ஹேசல்டன் மறுவாழ்வு மையமே 2012-ல் பியூப்ரெனார்ஃபினை ஏற்றுக்கொண்டது. மருந்தே கூடாது என்று சொல்லும் மையத்தில் அப்படிப்பட்டவரைச் சேர்க்க நான் துணிய மாட்டேன்.

குடிக்காக மையம் தேடுகிறவர்கள், அறையையும் தோட்டத்தையும் சுற்றிப் பார்க்கும் முன் பொறுப்பாளரிடம் இதைக் கேளுங்கள்: உள்ளே இருக்கும்போதே வெளிக் கூட்டங்களுக்கு அழைத்துப் போவீர்களா, கிளம்பும் முன் ஸ்பான்சர் ஒருவரோடு, அதாவது முன்பே குடியை விட்டு இப்போது வழிகாட்டும் ஒருவரோடு, பழக வைப்பீர்களா, வீட்டு ஆட்களுக்கும் கூட்டம் உண்டா? அண்ணி இன்னமும் வாரம் தவறாமல் குடும்பத்தினர் கூட்டத்துக்குப் போய்வருகிறார், அண்ணன் வீட்டில் சமைத்து வைக்கிறார்.