செயின் மாற்றியாச்சு என்றார்கள்: பினாங்கில் மலையேறும் சைக்கிள்காரர்கள் கவனத்துக்கு

தைவான் கே.ஓ.எம். சேலஞ்ச் என்ற மலையேறும் சைக்கிள் பந்தயத்துக்கு ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஹுவாலியன் கடலோரத்தில் புறப்பட்டு, 105 கிலோமீட்டர் மிதித்து, 3,275 மீட்டர் உயரத்திலுள்ள வூலிங்கில் முடிக்க வேண்டும். கடைசிப் பகுதியில் சில இடங்களில் ஏற்றம் 27 சதவீதம். அதற்கு ஒத்திகை பார்க்க, நம் ஊரில் தாவரவியல் பூங்கா வாசலில் தொடங்கும் பினாங்கு மலை ஜீப் பாதைதான் சரி. ஐந்தே கிலோமீட்டர், 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். பாலிக் புலாவ் ஏற்றமெல்லாம் அதற்கு முன்னால் பிள்ளை விளையாட்டு.

என் சைக்கிளில் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு சக்கரங்கள், பின்னால் பெரிய சக்கரத்துக்கு 28 பல். அதை வைத்துக்கொண்டு அங்கே ஏறினால் முட்டி போய்விடும். பின்னாலும் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, உட்கார்ந்தபடியே ஏறலாம். ஆனால் என்னிடம் இருந்த ஷிமானோ 105 குட்டைக் கூண்டு ஆர்.டி. (பின்பக்க கியர் மாற்றி) 30 பல்லோடு சரி. அதனால் நீளக் கூண்டு ஆர்.டி., கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு), செயின் மூன்றையும் மாற்றச் சொல்லி ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் விட்டேன். 620 வெள்ளி (ரிங்கிட்), அதில் செயினுக்கு மட்டும் 130. புதுப் பாகங்களின் பெட்டி எதையும் கண்ணில் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு நாளாகவே அழுத்தி மிதித்தால் கட்கட என்று பல் தாவியது. கடைக்குப் போன் செய்தேன். "புது கேசட் தம்பி, ஓட ஓடப் பழகிடும்" என்றார் கடைக்காரர்.

ஞாயிறு காலை பூங்கா வாசல். முன்னால் 50-இலிருந்து இறக்காமலேயே பின்னால் பெரிய பல்லுக்குத் தட்டிவிட்டேன். அப்படித் தட்டியது என் தவறுதான், ஆனால் நீளம் சரியாக வெட்டிய செயின் அதைத் தாங்கும். இது இழுத்துக்கொண்டு நின்றது. ஆர்.டி.யைத் தாங்கும் ஹேங்கர் முறிந்தது, ஆர்.டி. சக்கரக் கம்பிக்குள் போனது, நான் தார்மேல். நல்லவேளை ஏற்றம், முழங்கை மட்டும்தான் சிராய்ந்தது.

பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். செயினைப் பார்த்ததும் அவர் கேட்டது: "இந்தத் தங்க நிற லிங்க் உன்னோடதா?" ஆமாம், போன வருஷம் நான் கையால் போட்டது! பழைய செயினையே மண்ணெண்ணெயில் கழுவி மாட்டியிருக்கிறார்கள். 28 பல்லுக்கு வெட்டிய செயின் 34-க்கு எப்படி எட்டும்? ஸ்கேல் வைத்துக் காட்டினார். 24 கண்ணிக்கு 12 அங்குலம் அச்சாக வரவேண்டும். அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடினாலே செயினை மாற்ற வேண்டுமாம். என்னுடையது ஒரு நூலைத் தொட்டுக்கொண்டிருந்தது. பல் தாவியதும் இதனால்தான்.

கடைக்குப் போய்க் கேட்டால், "ஓட்டத் தெரியாம உடைச்சிட்டு வந்து நம்மகிட்ட பேசுறீங்க". பில்லில் 'செயின் 130' என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது, அதைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உங்களில் யாராவது மலைக்காகப் பல் மாற்றுவதாக இருந்தால், கழற்றிய பழைய செயினைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். என் கையில் ஆதாரம் இருப்பது அதனால்தான். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். கடைப் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். அந்தச் செயின், தங்க நிற லிங்க்கோடும் கிரீஸோடும், பில்லைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் அலமாரியில் இருக்கிறது. விசாரணை நாள் இன்னும் வரவில்லை.