பெரிய புல்வெளிக்கு ஜீரோ டர்ன் மோவர்: எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்காவில் மூன்று நான்கு ஏக்கர் புல்வெளி வைத்திருப்பவர்கள் சாதாரண புல்வெட்டும் டிராக்டரை விட்டுவிட்டு ஜீரோ டர்ன் மோவரை நாடுவதற்குக் காரணம், அதன் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி ஹைட்ராலிக் விசையில் இயங்குவதால், ஒரு கைப்பிடியை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தவுடன் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடுகிறது என்பதுதான். மரங்களைச் சுற்றி வெட்டும்போது இதன் அருமை புரியும்.

நான் பயன்படுத்துவது 52 அங்குல வெட்டு அகலம் கொண்டது. மணிக்கு 5 மைல் வேகத்தில் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் சுமார் 2.6 ஏக்கர் வருகிறது. திருப்பங்களையும், வெட்டிய வரியின் மேல் மீண்டும் ஏறுவதையும் கழித்தால் இரண்டு ஏக்கரே மிஞ்சும். 60 அங்குலம் இன்னும் விரைவானதுதான், ஆனால் மேடுபள்ளமான தரையில் அகலமான டெக் (கத்திகளை மூடியிருக்கும் அடிப்பகுதி) மேட்டின் உச்சியை மண்ணோடு சுரண்டிவிடும்.

விற்பனையாளர்கள் குதிரைத்திறனைப் பெரிதாகப் பேசுவார்கள். நான் பார்க்கச் சொல்வது எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் டிரான்ஸ்மிஷனை. வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றில் எண்ணெய் மாற்ற வழியில்லாதபடி அது அடைக்கப்பட்டிருக்கும். டெக்கும் ஒரே தகட்டை அழுத்தி வளைத்ததாக இல்லாமல், தடித்த தகடுகளைப் பற்றவைத்துச் செய்ததாக இருந்தால் வேரோ கல்லோ மோதினாலும் தாங்கும்.

சரிவில் மட்டும் இந்த வண்டியை நம்பக் கூடாது. பல கையேடுகள் 15 பாகையை எல்லையாகச் சொல்கின்றன. ஈரப்புல்லில் அதற்கும் குறைவான சரிவிலேயே பின்சக்கரம் வழுக்கும், முன்சக்கரங்கள் தாமாகச் சுழலும் உருளிகள் என்பதால் திசையைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. குளக்கரை ஓரத்தை நான் தள்ளு மோவரால்தான் வெட்டுகிறேன்.