பித்தளையா, பிளாஸ்டிக்கா, வேரோ போர்டா: துளைநாடா ஒட்ட எது தோது?

மாமாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த துளைநாடாச் சுருள் நான்கு இடங்களில் அறுந்திருந்தது. துளைநாடா என்பது பழைய கணினிகளுக்கான தரவைத் துளைகளாகக் குத்திவைத்த காகித நாடா; குறுக்கே ஒரு வரிசைத் துளைகள் ஓர் எழுத்து. ஓர் அங்குல அகலம், எட்டுத் தடங்கள்; டெலிடைப் 33 என்ற பழைய தொலைத்தட்டச்சு இயந்திரம் பத்து எழுத்தை ஒரு நொடியில் வாசித்த அதே வகை. அறுந்த முனைகளைத் துளைக்குத் துளை சேர்த்துப் பிடிக்கும் பலகையை யாழ்ப்பாணத்துக் கடைகளில் கேட்டால் சிரிப்பார்கள். மூன்று விதமாகச் செய்துபார்த்தேன்.

துளைக்குத் துளை இடைவெளி 2.54 மி.மீ. தரவுத் துளையின் விட்டம் 1.83 மி.மீ.; மூன்றாம், நான்காம் தடங்களுக்கு நடுவே ஓடும், நாடாவை இழுக்கும் பற்சக்கரம் மாட்டுகிற சிறிய இழுதுளை 1.17 மி.மீ. இழுதுளை வரிசை பிசகினால் பற்சக்கரம் அதே இடத்தில் மறுபடி கிழித்துவிடும்.

முப்பரிமாண அச்சில் எடுத்த பலகை பார்வைக்கு அழகு. துளைகளுக்குள் நுழைந்து நாடாவைப் பிடிக்க வேண்டிய அதன் மெல்லிய முளைகள் நகம் பட்டதும் முறிந்தன. குண்டூசி செருகிச் சமாளித்தேன். பிறகு ஒரு நாள் ஸ்கூட்டர் இருக்கைப் பெட்டிக்குள் மறந்துவிட்டேன். மாலையில் எடுத்தபோது காய்ந்த வாழையிலைபோல் சுருண்டிருந்தது. அந்த அச்சுக்குப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது.

பித்தளைக்காகக் கன்னாதிட்டியில் நகைவேலை செய்யும் ஒருவரிடம் போனேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் கல் எங்கே பதிப்பது?" என்றார். பளபளப்பான வேலைதான். ஆனால் ஒவ்வொரு துளையையும் முந்தியதிலிருந்து அளந்து குறித்ததால், மயிரிழைப் பிசகுகள் கூடிக்கூடிப் பத்தாம் துளைக்கு அரை மி.மீ. ஆகிவிட்டன. அவர் செய்த துளைகுத்தி வேறு கதை: இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே நாடா, மேலிருந்து இறங்கும் உருக்குக் கம்பி, பிசிறே இல்லாத துளை.

மின்னணுச் சுற்றுகள் பொருத்தும் துளைப்பலகையான வேரோ போர்டில்தான் விடை கிடைத்தது. அதன் துளை இடைவெளியும் அங்குலத்தில் பத்தில் ஒன்று, அதாவது நாடாவின் அதே 2.54 மி.மீ. பத்து உலோக முள் வரிசையாக நிற்கும் பின் ஹெடர் ஒன்றை நிமிர்த்தி ஈயப்பற்று வைத்தேன். ஒவ்வொரு முள்ளும் 0.64 மி.மீ. சதுரம், மூலைக்கு மூலை 0.9 வரும். இழுதுளைக்குள் இலேசாக இறங்குகிறது. மிச்சமிருக்கும் தளர்வுக்கு, இரு துண்டுகளையும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் போதும். செலவு ஒரு கொத்துரொட்டிக்குக்கூட வரவில்லை.

ஒட்டுவதற்குச் செலோடேப் வேண்டாம். வெக்கையில் பசை கசிந்து சுருளின் அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒளியால் வாசிக்கும் கருவி ஒருவேளை பொறுத்துக்கொள்ளும். டெலிடைப் 33 ஊசிகளால் துளையைத் தடவி வாசிப்பது, மூடிய துளையை அது துளையாகவே எடுக்காது. மெல்லிய தாளை வெள்ளைப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் பித்தளைக் குத்தியால் துளைகளைத் திறக்கிறேன். எண்ணெய் ஊறிய நாடாவில் இந்தப் பசை பிடிக்காது. என்னுடையது வறண்டிருந்தது அதிர்ஷ்டம்.

மூன்று ஒட்டுகள் முடிந்தன. நான்காவதில் இரண்டு எழுத்துகளே கிழிந்து போயிருக்கின்றன. எழுத்து நாடாவானால் எட்டுத் துளையையும் குத்தி அழித்துவிடலாம். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில், எழுத்துக்கான ஏழு துளையும் குத்தினால் வரும் 127 அழிப்புக் குறியானதே அந்தப் பழக்கத்தால்தான். இரும நிரலானால் அந்தத் துளைகளும் தரவாகிவிடும். எது என்று தெரியும்வரை அந்த முனைகளைத் தொடப்போவதில்லை.