பார்சன்ஸா, கிரென்ஷாவா? காசிமேட்டில் எது பொருந்தும்?

ஆண் வெளியே சம்பாதிப்பான், பெண் வீட்டையும் உறவுகளையும் பார்த்துக்கொள்வாள். இந்த ஏற்பாடுதான் குடும்பத்தை நிலையாக வைத்திருக்கிறது. 1950களில் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் சொன்னது இது. கடலுக்குப் போவது ஆண்கள் என்பதால் சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கும் பொருந்துவதுபோலத் தோன்றும். விடியற்காலை ஏலத்தில் போய் நின்று பாருங்கள். விலையைக் குறைத்துக் கேட்பதும், வட்டிக்கு வாங்கி மீன் எடுப்பதும், ஐஸ் போட்டுக் கூடை சுமப்பதும் பெண்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்தக் கூடையால்தான். அதை வெறும் ‘ஒத்தாசை’ என்று சொல்வது அநியாயம்.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் வேறு கேள்வி கேட்டார்: ஒரே பெண்ணின் மேல் இனமும் பாலினமும் சேர்ந்து விழுந்தால்? அவர் காட்டிய உதாரணம் ஒரு பழைய வழக்கு. பாகுபாடு காட்டியதாக ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த அந்த வழக்கில், பெண்களுக்கு வேலை கொடுத்தார்களே என்றது நீதிமன்றம். அப்படி வேலை பெற்றவர்கள் வெள்ளைப் பெண்கள். இனமும் பாலினமும் சேரும் இடத்தில் விழும் அடி யார் கண்ணிலும் படவில்லை.

எனக்கு இந்தப் பார்வைதான் சரியாகப் படுகிறது. படகு வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணும், கூலிக்கு மீன் வெட்டும் தலித் பெண்ணும், திருநங்கையும் ஒரே தராசில் நிற்பதில்லை. பார்சன்ஸிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: ஆண், பெண் என்ற வேடங்களைச் சிறுவயதிலேயே வீடு பழக்கிவிடுகிறது என்பது. ஆனால் அந்தப் பழக்கத்தால் யாருக்கு லாபம் என்று அவர் போதுமான அளவு கேட்கவில்லை.